கருக்கன்றும் கலவளர்ப்பும்

அறுவடை முடிந்த வன்னி வயல்களிலே பட்டி மாடுகள் மேய்கின்றன. சினைப்பசுவை வெட்டக் கொடுத்தல் பாவம் என்னும் எண்ணம் அம்மண்ணில் இன்னும் மறைந்துவிடவில்லை. உலகின் ஆய்வுகூடங்களிலோ அத்தகைய பசுவின் வயிற்றுக் கன்றினது குருதி பல்லாண்டுகளாக வேண்டப்படும் பொருளாயிருந்து வருகின்றது. கொல்களத்திற் பசு அறுக்கப்பட்டபின், கருப்பையினின்று கன்றை எடுத்து, அதன் இதயத்தில் ஊசி செலுத்திக் குருதியை வாங்குவர். அது உறைந்தபின் பிரிந்து நிற்கும் தெளிநீரே நீர்ப்பாயம். உடலுக்கு வெளியே கலங்களை வளர்க்கும் ஊடகத்தில் இதனை 5 முதல் 10 வீதம் வரை சேர்ப்பது வழக்கம்.

பசு இறைச்சிக்காகவே கொல்லப்பட்டது, கன்று எவ்வாறாயினும் இறக்கும், வீணாகும் குருதியைப் பயன்கொள்வதில் தவறென்ன என வினவுவாருளர். விலை கொடுத்து விரும்பி வாங்கப்படும் பொருள் எங்ஙனம் கழிவாகும்? பெரியபுராணம் கூறும் மனுநீதிச் சோழன் கதையிற் கன்று தானே தேர்க்காலிற் பாய்ந்தது என்று அமைச்சர் கூறிய சமாதானத்தை அரசன் ஏற்கவில்லை. ஆய்வாளனுக்கு அவ்வளவு கடுமை வேண்டுவதில்லை. ஆயினும் அமைச்சரது சமாதானத்தோடு அவன் அமைந்துவிடுதலும் தகாது.

விசர்நாய்க்கடித் தடுப்பு மருந்தின் வரலாறு இங்கு நோக்கத்தக்கது. 1911 ஆம் ஆண்டில் இந்தியாவின் கசௌலியில் செம்பிள் என்பார் வகுத்த முறைப்படி, ஆட்டின் மூளையிலிருந்து அம்மருந்து நெடுங்காலம் ஆக்கப்பட்டது. அது சிலருக்கு நரம்பு நோயையும் விளைத்தது. பின்னர்க் கலவளர்ப்பு மருந்து வந்தது, ஆடு தப்பியது. ஆனால் அக்கலங்களை வளர்ப்பதற்கு மாட்டு நீர்ப்பாயம் பரவலாக வேண்டப்பட்டது. ஒரு விலங்கின் சுமை மற்றொன்றின் மீது ஏற்றப்பட்டது என்பதே உண்மை.

நீர்ப்பாயமின்றியும் கலங்கள் வளரும் என்பதை 1976 ஆம் ஆண்டில் ஹயாஷியும் கோர்டன் சாட்டோவும் காட்டினர். நீர்ப்பாயத்துக்கு ஈடாக ஓமோன்களை அவர்கள் இட்டனர். அரை நூற்றாண்டு கடந்தும் பழைய வழக்கம் ஏன் நீங்கவில்லை? ஆய்வாளரது கன்னெஞ்சம் எனல் எளிது. அது முழு உண்மையன்று. ஒவ்வொரு கலவகைக்கும் ஊடகத்தைத் தனித்தனியே அமைத்தல் வேண்டும். நீர்ப்பாயத்தைப் படிப்படியாகக் குறைத்துக் கலங்களைப் பழக்க வாரங்கள் பல செல்லும். இடையிற் கலங்கள் மடிவதுமுண்டு. பழைய முடிபுகளோடு புதியவற்றை ஒப்பிடுவதும் அரிது. (நீர்ப்பாயமற்றது எனப்படும் ஊடகங்கள் சிலவற்றில் மாட்டின் அல்புமின் இருத்தலையும் மறத்தலாகாது.) மறுபுறத்தில், நீர்ப்பாயம் தொகுதிக்குத் தொகுதி வேறுபடுவதால் ஆய்வு முடிபுகளும் தடுமாறுகின்றன, ஆதலின் மாற்றம் அறிவியலுக்கும் நன்றே.

வசதியற்ற ஆய்வுகூடத்தை நோக்கி "விடு" என்று மட்டும் சொல்பவன் தன் அறத்தின் செலவைப் பிறனிடம் வாங்குகிறான். வவுனியாப் பல்கலைக்கழகம் 2021 ஆம் ஆண்டிலே தனிப் பல்கலைக்கழகமாயிற்று. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இயங்குகின்றது. இத்தகைய வளாகங்களிற் புதிதாகக் கலவளர்ப்பைத் தொடங்குவோர்க்குக் கைவிட வேண்டிய பழைய வழக்கம் இராது. அவர்க்கு வேண்டுவது கண்டனமன்று. ஏற்கெனவே மாறிய ஆய்வுகூடத்திலிருந்து பழக்கப்பட்ட கலங்கள் கொண்ட ஒரு குப்பியும், எக்கிழமை எவ்வளவு குறைத்தனர், எங்கே தவறினர் என்று எழுதிவைத்த குறிப்பேட்டின் படியுமே.