மூணு லட்ச ரூபாய் வாட்ச்சுக்கு நிஜ விலை என்ன?



போன சாரல் சீசன்ல நடந்தது இது. சென்னையில ஐ.டி. வேலை பார்க்கிற என் சித்தி மகன் பொதிகை எக்ஸ்பிரஸ்ல தென்காசி வந்து இறங்கினான். கையில புது ஸ்விஸ் வாட்ச். விலை மூணு லட்சம். கண்ணு ரெண்டும் சிவந்து கிடக்கு. என்னலன்னு கேட்டா, வாட்ச் கட்டின கையைத் தலைக்கு அடியில வச்சுக்கிட்டே படுத்திருந்தானாம், ராத்திரி பூரா தூக்கம் இல்லையாம்.

மறுநாள் இலஞ்சி குமாரரைக் கும்பிட்டுட்டு ஐந்தருவிக்குப் போனோம். நல்ல தண்ணி. எல்லாரும் சட்டையைக் கழற்றிப் போட்டுட்டு ஓடுறோம், அவன் மட்டும் ஓரமா நிக்கான். "நீங்க குளிங்கண்ணே, நான் துணிமணியைப் பாத்துக்கிடுதேன்" என்றான். துணிமணியில பார்த்துக்க என்ன இருக்கு? நாலு பனியன், ரெண்டு துண்டு.

வாட்டர் ரெசிஸ்டன்ட்தானேன்னு நீங்க கேட்கலாம். வாட்ச்சில் 30 மீட்டர் என்று போட்டிருந்தால், அதைக் கட்டிக்கொண்டு அவ்வளவு ஆழம் முங்கலாம் என்று அர்த்தம் கிடையாது. மழைத்தூறல், கை கழுவும்போது தெறிக்கிற தண்ணி, அவ்வளவுதான் அது தாங்கும். அருவி அடிக்கிற அடியை நம்பி அதற்குக் கீழே கொண்டுபோக முடியாது. கழற்றிக் கொடுக்கலாம். யாரிடம் கொடுப்பது? அதான் அவன் பிரச்சினை.

அன்னைக்கு ராத்திரி மொட்டை மாடியில உட்கார்ந்து கணக்குப் போட்டோம். மூணு லட்சத்தை 7 சதவீத வட்டிக்கு டெபாசிட் போட்டால் பத்து வருஷத்தில் ஏறக்குறைய 5 லட்சத்து 90 ஆயிரம். சாவி கொடுக்கிற வாட்ச்சோ ஆட்டோமேட்டிக்கோ, உள்ளே இருக்கிற எண்ணெய் காய்ந்துபோகும். சில வருஷத்துக்கு ஒரு தடவை முழுசா பிரித்துச் சுத்தம் பண்ணணும். பத்து வருஷத்தில் ரெண்டு சர்வீஸ், ஒவ்வொன்றுக்கும் 40 ஆயிரம் என்று வைத்தோம். ஆச்சு 6 லட்சத்து 70 ஆயிரம். கடைசியில் பாதி விலைக்கு விற்றால் ஒன்றரை லட்சம் திரும்பி வரும். மிச்சம் 5 லட்சத்து 20 ஆயிரம். ஒரு நாளைக்கு 142 ரூபாய். அதுவும் தினமும் கட்டினால்தான். கல்யாணம், ஆபீஸ் மீட்டிங் என்று வருஷத்துக்கு 60 நாள் மட்டும் கட்டினால், ஒரு தடவை கட்டுவதற்கு 866 ரூபாய். அவன் ஒண்ணும் பேசலை.

இத்தனைக்கும் அது நேரம் காட்டுறதுல கில்லாடியும் இல்லை. நல்ல மெக்கானிக்கல் வாட்ச் என்று சான்றிதழ் கொடுக்கிற ஸ்விஸ் அமைப்பே, ஒரு நாளைக்கு 4 நொடி பிந்துவதையும் 6 நொடி முந்துவதையும் அனுமதிக்கிறது. 1969 டிசம்பர் 25-ல் சீகோ கம்பெனி டோக்கியோவில் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டதோடு அந்தப் போட்டி முடிந்துபோச்சு. நம்ம ஓசூர்ல செய்கிற சாதாரண டைட்டன் குவார்ட்ஸ் இதைவிடச் சரியா ஓடும். ஆக, அவன் காசு கொடுத்தது நேரத்துக்கு இல்லை.

ரூபாயில் வராத செலவும் ஒண்ணு உண்டு: பதில் சொல்கிற செலவு. 2016-ல் கர்நாடக முதல்வர் சித்தராமையா கட்டியிருந்த ஹூப்ளோ வாட்ச் பெரிய சர்ச்சையாச்சு. நண்பர் கொடுத்த பரிசு என்றார், கடைசியில் அரசு சொத்தாக ஒப்படைத்தார். நம்ம ஊரில் அண்ணாமலையின் ரஃபேல் வாட்ச். 500 மட்டுமே செய்யப்பட்ட பெல் அண்ட் ராஸ். 2022 டிசம்பரில் "பில் எங்கே?" என்று ஆரம்பித்த கேள்விக்கு, 2023 ஏப்ரல் 14-ல்தான் அவர் பில்லை வெளியிட்டார். யார் பக்கம் நியாயம் என்பது இங்கே பேச்சு இல்லை. இத்தனை மாசம் ஒரு மனுஷன் தன் மணிக்கட்டுக்காகப் பேச வேண்டியிருந்தது, அதைச் சொல்கிறேன். நம்மள மாதிரி ஆளுங்களுக்கு அந்தக் கேள்வியைச் சொந்தக்காரங்க கேட்பாங்க.

"ஏன்ல வாங்குன?"ன்னு கேட்டேன். ரொம்ப நேரம் கழிச்சுச் சொன்னான். ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு கல்யாணப் பந்தியில, சொந்தக்காரர் ஒருத்தர் இவன் கையைப் பார்த்து, "பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க கட்டுத வாட்ச்லா இது, மெட்ராஸ்ல சம்பளம்னு ஏதும் தாரானுவளா?"ன்னு கேட்டாராம். பந்தியே சிரிச்சிருக்கு.

அந்தப் பந்தியில நானும் இருந்தேன். நானும் சிரிச்சேன். எனக்கு அது மறந்தேபோச்சு, அவன் இலையில இருந்து தலையைத் தூக்காமச் சாப்பிட்டது இப்பதான் ஞாபகம் வருது. கணக்கில் என் பங்கை நான் எழுதவே இல்லை பாருங்க.

அதனால வாட்ச் கட்டுறது பாவம்னு எல்லாம் நான் சொல்ல வரலை. பழநியில நம்ம அப்பன் காலையில ஆண்டி, சாயரட்சைக்கு ராஜா. அலங்காரத்தை வேண்டாம்னு அவன் தள்ளவில்லை, அதைக் கலைக்கும்போது தடுக்கவும் இல்லை. அந்த மெஷினோட அழகுக்காக ஆசைப்பட்டு வாங்கி, பேசாம கழற்றி வைக்க முடிகிறவனுக்கு மூணு லட்சமும் வெறும் மூணு லட்சம்தான். இவனால கழற்ற முடியலை. கழற்றினால் பந்தியில உட்கார்ந்திருந்த பழைய ஆளா ஆயிருவோம்னு பயம். நான் அவன்கிட்ட மன்னிப்புக் கேட்டேன். "அட விடுங்கண்ணே"ன்னான். விட்டானான்னு தெரியலை.

கிளம்புற அன்னைக்குக் காலையில, "பழைய குற்றாலம் போவோமா"ன்னு அவனே கேட்டான். அங்க போனதும் வாட்ச்சைக் கழற்றி என் கையில வச்சுட்டு, சின்னப் பிள்ளை மாதிரி கத்திக்கிட்டே ஓடி அருவிக்குள்ள தலையைக் கொடுத்தான். நான் அதை வேட்டி மடிப்புல சொருகினேன். நழுவிரும்னு தோணுச்சு, எடுத்துச் சட்டைப் பையில போட்டேன். தொட்டுப் பார்த்தேன். பக்கத்துல ஒருத்தர் வந்து நின்னார், தள்ளி நின்னுக்கிட்டேன். திரும்பவும் தொட்டுப் பார்த்தேன். "அண்ணே, வாங்கண்ணே, தண்ணி சூப்பரா இருக்கு!"ன்னு உள்ளே இருந்து கூப்பிடுதான். நீ குளிடே, நான் நிக்கேன்னு கையைக் காட்டினேன்.