மேசைமேற் போர்க்களம்: ஓர் அறவியல் நோக்கு

போரை விளையாட்டாக்குவது அறமாகுமா என்னும் வினா புதியதன்று. யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நாற்படையையும் கட்டங்களுள் அடக்கிய சதுரங்கம் தோன்றிய காலத்திலேயே அவ்வினாவும் தோன்றியிருத்தல் கூடும். ஆயினும் சதுரங்கத்தை இன்று எவரும் கொடுமை எனக் கருதுவதில்லை. அதன் காய்களுக்கு முகமில்லை. அதன் களத்தில் ஊர் இல்லை. விரலளவுப் போர்வீரர்களை வார்த்து, சீருடையின் பொத்தான்வரை வண்ணந்தீட்டி, மலை, ஆறு, பாலம், குடியிருப்பு ஆகியவற்றையும் சிற்றுருவில் அமைத்து, பகடையும் அளவுகோலும் கொண்டு ஆடப்படும் மேசைப் போராட்டம் அத்தகையதன்று. இங்கே காய்க்கு முகமுண்டு. களத்திற்கு ஊரின் சாயலுண்டு. முகமும் ஊரும் உடையவற்றை வீழ்த்தி மகிழ்தல் தகுமா என்பதே நம் முன்னுள்ள வினா.

தேயிலை மலைகளில் வாழ்ந்த நமக்கு இவ்வினா எட்டாத தொலைவிலுள்ளது போலத் தோன்றலாம். உண்மை அதுவன்று. 1893 இல் வில்லியம் பிரிட்டனின் நிறுவனம் இங்கிலாந்தில் உள்ளீடற்ற பொம்மைப் படைவீரர்களை வார்க்கத் தொடங்கியது. அதற்குப் பயன்பட்ட ஈயமே அக்காலத்துத் தேயிலைப் பெட்டிகளின் உட்புறத் தகடாகவும் இருந்தது. இன்றும் இக்கலையில் ஈடுபடுவோர் பலர், வடித்தெடுத்த தேயிலைச் சக்கையை உலர்த்தி, பசையிட்டு ஒட்டி, தம் சிறு போர்க்களங்களில் உதிர்ந்த இலைப் பரப்பாக்குகின்றனர். நம்மவர் கொய்த கொழுந்து எங்கோ ஒரு மேசையில் போர்க்கள மண்ணாகிக் கிடக்கிறது.

இவ்வாட்டத்தின் வரலாற்றில் இரு வேறு நோக்கங்களைக் காண்கிறோம். பிரஷ்ய நாட்டு இளைய ரைஸ்விட்ஸ் 1824 இல் வரைபடம், பகடை, நடுவர் ஆகியவற்றைக் கொண்டு ஒரு போராட்ட முறையை வகுத்தளித்தார். படைத்தலைமை அதனைப் பொழுதுபோக்காகக் கொள்ளவில்லை. போர்ப்பயிற்சியாகவே கொண்டு தன் அதிகாரிகளிடையே பரப்பியது. 1913 இல் எச். ஜி. வெல்ஸ் என்னும் ஆங்கில எழுத்தாளர் ‘சிறு போர்கள்’ என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரு நூல் வெளியிட்டார். பெரும்போரின் மூடத்தனத்தை உணர்த்துவதற்கும், அதன் வெறிக்கு ஒரு மாற்று வடிகாலாவதற்கும் இச்சிறு போரே ஏற்றது என்பது அவர் கருத்து. மறு ஆண்டே உலகப் போர் மூண்டது. ஒரே மேசை, ஒருவருக்கு அது போரின் பள்ளிக்கூடம், மற்றவருக்குப் போருக்கு மாற்று. எனவே ஆட்டத்தின் நன்மை தீமை பொம்மையில் இல்லை என்பது தெளிவு. அது வேறெங்கோ இருத்தல் வேண்டும்.

அது ஆடுபவன் நிற்கும் உயரத்தில் இருக்கிறது என்பது என் கருத்து. சிற்றுருவின் இன்பம் மேலிருந்து காணும் இன்பமாகும். மலையும் மனிதரும் ஒரே பார்வையில் அடங்குகின்றனர். கைநீட்டினால் ஒரு படைப்பிரிவு இடம்பெயர்கிறது. இப்பார்வை நம்மவருக்குப் புதியதன்று. குன்றின்மேல் துரையின் பங்களாவும் சரிவின்கீழ் லயங்களும் அமைந்த தோட்டமே அத்தகையதொரு மேசை எனலாம். 1964 ஒக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தை நினைவுகூர்வோம். 9,75,000 பேர் அங்கே பங்கிடப்பட்டனர். இந்தியாவுக்கு 5,25,000; இலங்கைக்கு 3,00,000; எஞ்சிய 1,50,000 பின்னர் பார்த்துக்கொள்ள வேண்டியவை. 1974 இல் அவ்வெச்சமும் ஆளுக்கு 75,000 எனச் சரிபாதியாயிற்று. அம்மக்களிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை. ஒரே குடும்பத்தில் ஒருவர் கப்பலேற மற்றவர் லயத்தில் நின்றதை எண்கள் காணவில்லை. அங்கே பொம்மையும் இல்லை, வண்ணமும் இல்லை. மேசையும் உயரமும் மட்டுமே இருந்தன. அவையே போதுமாயிருந்தன.

இதற்கு ஒரு தடை எழுப்பலாம். சிற்றுரு தீட்டும் கலைஞன் மனிதரை எண்ணாகக் காண்பதில்லையே. ஒவ்வோர் உருவத்தையும் தனித்தனியே கையிலேந்தி, மெல்லிய தூரிகையால் கண் திறக்கிறானே. அது முகமிழந்தவனுக்கு முகமளிக்கும் செயலன்றோ என்பர். இத்தடையில் உண்மையுண்டு, அப்பொறுமையை நான் மதிக்கிறேன். எனினும் முகமறிதல் மட்டும் போதாது. பிரட்டுக் களத்தில் நின்ற கங்காணிக்கு ஒவ்வொருவர் முகமும் தெரியும். ஆயினும் அங்கே ‘பேர்’ என்ற சொல்லே ஒரு நாட்கூலியின் அளவாயிற்று. கொழுந்தின் நிறை குறைந்தவளுக்கு ‘அரைப்பேர்’ விழுந்தது. முகம் தெரிந்தும் மனிதர் பாதியாகலாம் என்பதற்கு இச்சொல்லைவிடச் சான்று வேண்டுவதில்லை.

அவ்வாறாயின் எது போதும்? மலையகத்துக் கூத்தே இதற்கு விடை பகர்கின்றது. காமன் கூத்து, அருச்சுனன் தபசு ஆகியவற்றோடு பொன்னர் சங்கர் கூத்தும் நம் தோட்டங்களில் ஆடப்பட்டு வருவது. அதுவும் போரை ஆட்டமாக்குவதுதான். வாள்வீச்சுண்டு, வெற்றியுண்டு, பார்ப்போர் ஆரவாரமுண்டு. ஆனால் அண்ணன்மார் வீழ்ந்த பின்னர் கதை முடிந்துவிடுவதில்லை. தங்கை தங்காள் படுகளத்திற்கு வருகிறாள், கிடப்போரிடையே தன்னவரைத் தேடுகிறாள், அழுகிறாள். மேசைப் போரில் வீழ்ந்த உருவம் களத்தினின்று எடுக்கப்பட்டுப் பெட்டிக்குள் செல்கிறது. அதனைத் தேடி எவளும் வருவதில்லை. கூத்துக்கும் மேசை ஆட்டத்திற்கும் உள்ள அறவேறுபாடு இதுவே. கூத்து போரின் அழகை மறுக்கவில்லை. அதன் விலையைச் சொல்லாமல் விடவுமில்லை.

தேடி வருபவரை மறந்த களம் எத்தகையது என்பதை நம் மலைகள் அறியும். 1977 மே மாதத்தில் தோட்டக் காணி பறிபோவதை எதிர்த்து எழுந்த மக்களிடையே டெவன் தோட்டத்துச் சிவனு லெட்சுமணன் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். ஆணையிடுவோர் நோக்கில் அது கலகமொன்றை அடக்கிய நிகழ்ச்சி. அவர் வீட்டாருக்கோ அன்று மாலை திரும்பாத ஒருவர். அதே ஆண்டின் வன்செயலுக்கு அஞ்சி மலையிறங்கி வன்னியிற் குடியேறியோர் பலர், 2009 இல் முடிவுற்ற போரிலும் அகப்பட்டனர். வரைபடத்தில் அம்பு வரைந்தோர்க்கு அவர்கள் களத்தின் ஒரு பகுதி மட்டுமே. காணாமற் போனோரைத் தேடும் தாய்மார் இன்னமும் தெருவோரங்களில் அமர்ந்திருக்கின்றனர். தங்காளின் பங்கு முடியவில்லை.

ஆகவே இவ்வாட்டத்தை விலக்கவேண்டும் என்பது என் முடிபன்று. விலக்கப்பட்ட ஆட்டங்களால் எந்நாட்டிலும் போர் நின்றதில்லை. பொறுமையோடு ஓர் உருவத்தைத் தீட்டும் கை, அப்பொழுதேனும் துப்பாக்கி பிடிப்பதில்லை. ஆடுபவன் ஆடட்டும். ஆனால் மேசைமேல் மலையொன்றை அமைக்கும்போது அதன் சரிவில் ஒரு லயத்தையும் அமைக்கட்டும். லயத்தருகே ஒரு பீலியையும், பீலியடியில் குடத்தோடு நிற்கும் ஒருத்தியையும் வைக்கட்டும். ஆட்ட விதிகளின்படி அவளுக்கு அங்கே வேலையில்லை. அவளால் வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. ஆயினும் அவள் நிற்கும் களத்தில், ஒரு வீரனை எடுத்துப் பெட்டியில் இடும் கை ஒரு கணம் தயங்கும். அத்தயக்கத்தைக் கற்பிக்குமாயின் ஆட்டம் அறத்தோடு பொருந்தியதே. அத்தயக்கம் இன்றி நாடுகளை ஆள்வோரே அஞ்சத்தக்கவர். அவர்களுக்குப் பொம்மைகள் தேவைப்படுவதில்லை.