குரலைக் காத்தலும் பெயரைக் காத்தலும்

போரில் வீழ்ந்தவனுக்கு நடுகல் நாட்டி, அவன் பெயரைப் பொறித்து வைத்தனர் நம் முன்னோர். ஆயினும், மாண்டவர் எல்லார்க்கும் கல் வாய்ப்பதில்லை. 1942-43ஆம் ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர் அங்கேயே மடிந்தனர். உடன் மடிந்த நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உள்ளன. தமிழர்க்கோ முழுமையான பெயர்ப்பட்டியலும் இல்லை. லாபு போன்ற தோட்டப்புறங்களில் அக்கதை முதியோர் நாவிலேயே வாழ்ந்தது. எழுதப்படாத இடங்களில் முதியோருடன் அதுவும் மறைந்தது.

போரில் பட்ட துன்பத்திற்காவது உலகம் இரங்கும். பழியோடு வந்த துன்பத்திற்கு வரலாற்றில் இடமுண்டா? எய்ட்ஸ் நோய் எழுப்பும் அறக்கேள்வி இதுவே. அந்நோய்க்கு 'ஆட்கொல்லி' என்று பெயரிட்டோம்; நோயுற்றவரை நம் சொற்களே உயிரோடு கொன்றதை எண்ணிப் பார்த்தோமில்லை.

1986ஆம் ஆண்டு சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவர்தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக அக்கிருமித் தொற்றைக் கண்டறிந்தனர். அவ்விருவர் பணி போற்றத்தக்கது. வரலாறும் அவர்களைப் போற்றுகிறது. ஆனால் இரத்தம் கொடுத்தவர் காப்பகத்திலிருந்த பாலியல் தொழிலாளப் பெண்கள். எந்நோய்க்கான சோதனை என்பதும் அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. தொற்றுடைய பெண்கள் தண்டனைக் காலம் கடந்தும் அடைத்து வைக்கப்பட்டனர். பத்திரிகையாளர் ஷியாமளா நடராஜ் தொடுத்த வழக்கின் பின்னரே, 1990இல் விடுதலை பெற்றனர். அப்பெண்கள் என்ன எண்ணினர், எப்படி வாழ்ந்தனர்? அவர்தம் வாய்மொழியின்றி அவ்வரலாறு பாதி வரலாறே.

"ஆறிய புண்ணைக் கிளறுவானேன்?" என்பார் உளர். அவர் கூற்றிலும் நியாயம் உண்டு. அன்று கேளாமல் இரத்தம் எடுத்தது தவறாயின், இன்று கேளாமல் கதையை எடுப்பதும் தவறே. பெயர் வெளிப்பட்டால் பிள்ளையின் திருமணம் தடைப்படும், ஊரில் தலைகாட்ட இயலாது என்று அஞ்சுவோரின் அச்சம் பொய்யன்று. ஆகவே கதையைத் திரட்டுவோர்க்குக் கடமை இரண்டு: குரலைக் காத்தல் ஒன்று, உரியவர் விரும்பினால் பெயரை மறைத்துக் காத்தல் மற்றொன்று.

விரும்பிப் பேசுவோரும் உளர். 1998இல் கௌசல்யாவும் தோழியரும் சென்னையில் தொற்றுடைய பெண்களுக்கான அமைப்பைத் தொடங்கி, தம் பெயரிலேயே உலகின் முன் நின்றனர். நியூயார்க்கில் 1987இல் எழுந்த 'ஆக்ட் அப்' இயக்கத்தினரிடம், 2002 முதல் 187 பேட்டிகள் பதிவு செய்யப்பட்டன. மருந்துக்காகவும் மதிப்புக்காகவும் போராடியவர் தம் வாயாலேயே தம் வரலாற்றைச் சொல்லிச் சென்றனர்.

மலேசியாவில் முதல் நோயாளி கண்டறியப்பட்டதும் 1986இல்தான். மலேசிய எய்ட்ஸ் மன்றம் 1992இல் தோன்றியது. அக்காலத்தில் நோயுற்றாரைத் தொட்டுப் பணிசெய்தவர் இன்று முதுமை எய்திவிட்டனர். மாணவர் அவரை நாடிச் செல்லட்டும். முதலில் இசைவு கேட்கட்டும்; மறுத்தால் வணங்கித் திரும்பட்டும்; இசைந்தால் திருத்தாமல் எழுதட்டும்; சில காலம் மூடி வைக்கச் சொன்னால் அவ்வாறே மூடி வைக்கட்டும். சயாமுக்குச் சென்றோரிடம் கேட்கத் தவறிய சமுதாயம், கேட்கக் கூடியவர் இருக்கும்போதே கேட்டாக வேண்டும்.