மனையுரிமையும் மனையறமும்

மனை என்னும் சொல் தமிழிற் கட்டடத்தை மட்டும் குறிப்பதன்று. வீட்டையும், வீடு நிற்கும் நிலத்தையும், அவ்வீட்டை ஆளும் இல்லாளையும் அஃது ஒருங்கே குறிக்கும். வள்ளுவர் இல்லறவியலை வகுத்தபொழுது இல்வாழ்க்கையை முதலில் வைத்தார். அதற்குச் சில அதிகாரங்கள் தள்ளி விருந்தோம்பலையும் அமைத்தார். இல்லம் அதனுள் இருப்போர்க்கு மட்டுமன்றி, அதன் வாயிலை நாடி வருவோர்க்கும் பயன்பட வேண்டியது என்னும் கருத்து இவ்வைப்பு முறையிலேயே புலனாகின்றது. ஆயின் இன்றைய வழக்கில் மனை என்பது முதன்மையாக ஒரு சொத்து. நொத்தாரிசு எழுதிய உறுதியினால் நிறுவப்படும் ஓர் உரிமை. உறுதியைக் கையில் வைத்திருப்பவன் அம்மனையில் வாழாவிடினும், பிறரை வாழ விடாவிடினும், அவன் அதன் உரிமையாளனே. சட்டம் இவ்வளவில் அமைகின்றது. அறமும் இவ்வளவில் அமையுமா என்பதே ஈண்டு ஆராயப்படும் வினா. இவ்வினாவை வெறும் கருத்தளவில் நின்று ஆராய்வதினும், ஓர் ஊரின் அனுபவத்தை முன்வைத்து நோக்குதல் பயனுடையதாகும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், காங்கேசன்துறைக்கும் பலாலிக்கும் இடையே அமைந்தது மயிலிட்டி. கடற்றொழிலாற் சிறப்புற்ற துறைமுகத்தைக் கொண்ட இவ்வூரின் மக்கள் 1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில், போரின் காரணமாக, தம் இல்லங்களை விட்டு நீங்கினர். சில நாள்களில் மீளலாம் என்று எண்ணிச் சென்றவர்கள் பின்னர் உயர்பாதுகாப்பு வலயம் என்னும் வேலிக்கு வெளியே நின்றனர். துறைமுகமும் அதனைச் சூழ்ந்த 54 ஏக்கர் நிலமும் விடுவிக்கப்பட்டது 2017ஆம் ஆண்டு யூலை மாதத்திலேயாம். இடைப்பட்ட 27 ஆண்டுகளில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்து மணமும் முடித்துவிட்டது. மக்களுட் பலர் கோணப்புலம் முதலிய நலன்புரி நிலையங்களிலும் உறவினர் வளவுகளிலும் காலங் கழித்தனர். வேறு பலர் கடல் கடந்தனர். அவ்வாறு வலிகாமம் வடக்கிலிருந்து சென்றோருள் ஒரு பகுதியினர் இலண்டன் மாநகரின் புறநகர்களில் வீடு வாங்கிக் குடியமர்ந்தனர்.

அப்புறநகர்களின் இயல்பையும் சிறிது அறிதல் வேண்டும். ஹரோ, வெம்பிளி முதலிய பகுதிகள் இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்திற் பெருமளவு வளர்ந்தவை. நகரின் நெருக்கத்தை விட்டுத் தோட்டமுள்ள வீட்டில் வாழலாம் என்று மெற்றோபொலிற்றன் புகையிரத நிறுவனம் விளம்பரஞ் செய்து, தன் பாதையை அடுத்த நிலங்களில் மனைகளை விற்றது. இரண்டு வீடுகள் ஒரு நடுச்சுவரைப் பகிர்ந்து இணைந்து நிற்றல் இங்குப் பெருவழக்கு. அச்சுவரில் ஒருவர் வேலை செய்ய விரும்பின் மற்றவர்க்கு முன்னறிவித்தல் கொடுத்தல் வேண்டும் என்று 1996ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று விதிக்கின்றது. நம் ஊரில் எல்லைக் கதியாலைப் பற்றி எழும் பிணக்குகளை அறிந்தோர்க்கு இவ்விதியின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

வீடு வாங்கும் முறையிலும் ஒப்புநோக்கத் தக்க வேறுபாடுகள் உள. தேசவழமையின்கீழ் ஒற்றி வைத்த காணியைக் கடன் கொடுத்தவர் கைக்கொண்டு, வட்டிக்கு ஈடாக அதன் விளைவை அனுபவிப்பார். இங்கிலாந்தின் வீட்டுக்கடனிலோ, கடன் பெற்றவரே வீட்டில் வாழ்ந்துகொண்டு, பெரும்பாலும் 25 ஆண்டுகளோ அதற்கு மேலோ மாதந்தோறும் பணஞ் செலுத்துவார். இன்னொரு வேறுபாடு இதனினும் முக்கியமானது. தேசவழமையில், பங்குக்காணியை விற்க விரும்புவோர் ஏனைய பங்காளர்க்கு முதலில் அறிவித்தல் வேண்டும். வாங்குதற்கு அவர்க்கு முன்னுரிமை உண்டு. இவ்வுரிமையை 1947ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் ஒன்று வரையறுத்தது. உறவுக்குள் நிலத்தை வைத்திருக்க உதவிய இவ்வேற்பாடு அந்நியர் உள்ளே வருவதைத் தடுக்கவும் உதவியது. இங்கிலாந்தில் வீட்டை விற்பவர் அயலாரின் இசைவை நாடவேண்டியதில்லை. அதுமட்டுமன்று, வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் இனம், நிறம் ஆகியன பற்றிய பாகுபாட்டை 1968ஆம் ஆண்டு இன உறவுச் சட்டம் தடைசெய்தது. அந்நியராகிய நாம் அத்தெருக்களில் மனை கொள்ள முடிந்தமைக்கு இவ்விரண்டும் துணைநின்றன. இவ்வுண்மையை மனத்திற் கொள்ளுதல் பின்னர் வரும் வாதத்துக்கு இன்றியமையாதது.

இனி, அந்நிய மண்ணில் வீடு வாங்கியமை ஊருக்குச் செய்த துரோகமா எனின், அன்று என்பதே நேர்மையான விடை. துரத்தப்பட்டவன் தங்க ஓரிடம் தேடுதல் தவறாகாது. பிள்ளைகள் கற்கவும் முதியோர் மருத்துவம் பெறவும் நிலையான முகவரி ஒன்று வேண்டும். அன்றியும், ஓரூரைத் தனதாக்கிக் கொள்வதால் மற்றோர் ஊர் அற்றுப்போவதில்லை. எல்லா ஊரையும் தம்மூராகக் கண்ட கணியன் பூங்குன்றனாரும் பூங்குன்றம் என்னும் ஊர்ப்பெயரோடுதான் அறியப்படுகிறார். விம்பிள்டனில் 1981இல் கணபதி ஆலயம் ஒன்று எழுந்தது. அதனால் ஊர்க்கோயில்களின் மீதான பற்றுக் குறைந்தது என்று எவரும் சொல்லார்.

ஆகவே வினா இலண்டன் வீட்டைப் பற்றியதன்று. மயிலிட்டி வளவைப் பற்றியது.

இலங்கையின் 1871ஆம் ஆண்டு ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, பத்தாண்டுகள் எதிருரிமையோடும் இடையறாதும் ஒரு காணியை ஆண்டவர் அதன் உரித்தைக் கோரலாம். இவ்விதியைப் போர்க்கால இடப்பெயர்வுக்கும் அப்படியே பொருத்தின், ஓடிப்போனவன் யாவற்றையும் இழப்பான். அவ்வநீதியைத் தவிர்க்கவே 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சிறப்பேற்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. 1983 மே முதல் 2009 மே வரை ஆயுதக் குழுக்களின் செயற்பாடுகளால் தம் உரிமையை நிலைநாட்ட இயலாதிருந்தோர்க்கு அக்காலம் பாதகமாகக் கணிக்கப்படாது என்பதே அதன் சாரம். இதன் அடியில் ஓர் அறநெறி உண்டு: வலிந்து அகற்றப்பட்டவனின் இன்மை, துறந்து சென்றவனின் இன்மைக்கு ஒப்பாகாது. வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைச் சுவீகரிப்பதற்கு 2013இல் அரசு அறிவித்தல் ஒட்டியபோது, ஈராயிரத்துக்கு மேற்பட்ட உரிமையாளர் மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடினர். அவர்கள் நின்றதும் இந்நெறியின் மீதே.

ஆனால் இந்நெறி இருபுறமும் கூருடையது. இன்மைக்குக் காரணம் வன்முறையாக இருந்தவரை உரிமை குறையின்றி நின்றதாயின், வழி திறந்த பின்னர் நிகழும் இன்மைக்குக் காரணம் யாது? வலிகாமம் வடக்கில் விடுவிக்கப்படாத காணிகள் இன்னும் உள. அவற்றின் உரிமையாளரை நோக்கி இவ்வினாவை எழுப்புதல் தகாது. ஆயின் விடுவிக்கப்பட்ட இடங்களிலும் பற்றை மண்டிய வளவுகள் பல கிடக்கின்றன. அதே வேளையில், முகாமிற் பிறந்து அங்கேயே மணம் முடித்த இளங் குடும்பங்கள் பலவற்றுக்குச் சொந்தக் காணி இல்லை. பெற்றோரின் ஒரு வளவு ஐந்து பிள்ளைகளுக்குப் போதாது. முன்னரே காணியற்றிருந்தோர்க்கு அதுவுமில்லை. இத்தகையோர்க்காகக் கீரிமலையில் 2016இல் நல்லிணக்கபுரம் என்னும் குடியேற்றம் அமைக்கப்பட்டது. எனினும் கடற்றொழிலாளி ஒருவனுக்கு வீடு எங்கேனும் இருந்தாற் போதாது. வள்ளமும் வலையும் இருக்கும் துறைக்கு அண்மையில் இருத்தல் வேண்டும்.

இங்கே இங்கிலாந்தின் வழக்கம் ஒன்றை எடுத்துக்காட்டல் பொருந்தும். அங்கு ஓராண்டுக்கு மேலாகத் தளபாடமின்றி வெறுமையாய்க் கிடக்கும் வீட்டுக்கு உள்ளூராட்சி மன்றம் வழமையான வரியைப்போல் இருமடங்கு வரை அறவிடலாம் என்னும் விதி 2024 ஏப்பிரல் முதல் நடைமுறையில் உள்ளது. பத்தாண்டு கடந்தால் நான்கு மடங்கு வரை அறவிடலாம். இவ்விதி வெறுங் காணிக்கு உரியதன்று என்பது உண்மையே. எனினும் அதன் கருத்துத் தெளிவானது: வீடின்றிப் பலர் வாடும் இடத்தில் ஒருவர் வீட்டைப் பூட்டி வைத்தல் அவருடைய தனிவிடயம் மட்டுமன்று. ஹரோவில் வாழ்பவர் தம் தெருவில் நியாயமெனக் கொள்ளும் ஒரு நெறியை, மயிலிட்டியில் தமக்குப் பொருந்தாதெனல் எங்ஙனம்?

இதற்கு மூவகை மறுப்புக்கள் கூறப்படலாம். முதலாவது, நினைவு பற்றியது. தாய் வாழ்ந்த வளவில் வேறொருவர் அடுப்பு மூட்டுவதை மனம் ஏற்காது. இவ்வுணர்வு மதிக்கத்தக்கதே. ஆயினும் தாயின் நினைவுக்குப் பற்றைக்காடு செய்யும் மரியாதையை விட, கிணற்றில் நீரள்ளும் ஒரு குடும்பம் செய்யும் மரியாதை குறைந்ததன்று.

இரண்டாவது, அச்சம் பற்றியது. இருக்க இடங் கொடுத்தவன் ஈற்றில் காணியையே இழப்பான் என்பர். உரிமையாளரின் அனுமதியோடு இருப்பவரின் ஆட்சி எதிருரிமை ஆகாது என்பது சட்டத்தின் நிலைப்பாடு. காலவரையும் நிபந்தனையும் தெளிவாக எழுதி, நொத்தாரிசு முன்னிலையிற் கையொப்பமிட்ட குத்தகை இவ்வச்சத்தைப் பெருமளவு போக்கும்.

மூன்றாவது, பங்காளர் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் பாரிசிலுமாகச் சிதறியிருத்தல். இது மெய்யான இடர். ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் வழங்கி ஏனையோர் உடன்படின் இதுவும் தீரும். தீராதிருப்பது பெரும்பாலும் தூரத்தினால் அன்று, உடன்பிறந்தாரிடையே பேச்சு இல்லாமையினால்.

கூறப்படாத நான்காவது மறுப்பும் ஒன்றுண்டு. நம் வளவில் இன்னார் இருக்கலாமா என்று சாதியும் உறவும் பார்த்துத் தயங்கும் மனமே அது. அயலாரின் இசைவு கேளாத ஒரு சட்டத்தினால் அந்நியர் தெருவில் மனை பெற்றவர்கள், தம் ஊரில் மட்டும் அயலைத் தெரிந்தெடுக்க விரும்புவாராயின், அவ்விருப்பத்துக்கு நியாயம் கற்பித்தல் அரிது.

இவற்றால் எல்லோரும் திரும்பிச் செல்லல் வேண்டும் என்பது பெறப்படாது. இலண்டனிற் பிறந்த பிள்ளைக்கு அதுவே ஊர். அதனை மாற்ற முயல்வது மற்றோர் இடப்பெயர்வேயாகும். காணியை விற்றுவிடல் வேண்டும் என்பதும் கருத்தன்று. உறுதி உரியவரிடமே இருக்கட்டும். 27 ஆண்டுகள் வேலிக்கு வெளியே நின்று காத்த உரிமையின் பயன், இன்னொருவரை அதே வேலிக்கு வெளியே நிறுத்துவதாக அமையக் கூடாது. மனையுரிமை சட்டத்தினால் வருவது. மனையறம் அவ்வுரிமையைக் கொண்டு அயலாருக்கு யாது செய்தோம் என்பதனால் வருவது. முன்னதைப் பெற்றவர் பின்னதற்குக் கடமைப்பட்டவர் என்பதே இக்கட்டுரையின் துணிபு.