விதியா? விதித்ததா?

வெள்ளம் வந்தது, வீடு போயிற்று. வெப்பம் ஏறிற்று, வயல் வெடித்தது. கிணற்று நீர் கசந்தது, குழந்தை நோயுற்றது. "என்ன செய்வது! இயற்கையின் சீற்றம், எங்கள் தலையெழுத்து" என்று விம்முகிறார், வீடிழந்தவர். "ஆம், இயற்கையின் சீற்றம்தான்" என்று தலையசைக்கிறார், மேட்டுத் தெருவிலே, மாடி வீட்டிலே, மழைநீர் எட்டாத உயரத்திலே அமர்ந்திருப்பவர். இருவர் கூறுவதும் ஒரே சொல்தான். ஆனால் ஒருவருக்கு அச்சொல் ஆறுதல். மற்றவருக்கோ அது விடுதலைத் தீர்ப்பு!

சாதியை விதி என்றனர். விதித்தவர் யார் என்று கேட்டோம். வறுமையை முன்வினைப் பயன் என்றனர். அந்த வினையைச் செய்தவர் யார், பயனைத் துய்ப்பவர் யார் என்று கேட்டோம். பெண்ணின் அடிமைநிலை இயற்கையின் ஏற்பாடு என்றனர். எந்த இயற்கை, எவருடைய ஏற்பாடு என்று கேட்டோம். அதே கேள்வியை, இன்று காற்றைப் பற்றியும் நீரைப் பற்றியும் கேட்டாக வேண்டிய நிலையில் நிற்கிறோம். மழை பொழிவது இயற்கை, மறுப்பாரில்லை. ஆனால் பொழிந்த மழை எவர் குடிசைக்குள் முதலில் நுழைகிறது என்பதும் இயற்கைதானா?

அமெரிக்க நாட்டிலே வட கரோலைனா என்றொரு மாநிலம். 1978ஆம் ஆண்டு, இரவு நேரங்களிலே லாரிகள் புறப்பட்டன. மின்மாற்றிகளிலே பயன்படும் பி.சி.பி. என்ற நச்சுப் பொருள் கலந்த எண்ணெய், அந்த லாரிகளில் இருந்தது. முறைப்படி அதனை அழிப்பதென்றால் செலவாகும். ஆகவே, 240 மைல் நீளத்துக்குச் சாலை ஓரங்களிலே அதைச் சிந்திக்கொண்டே சென்றனர்! நஞ்சு தோய்ந்த மண்ணை அரசு வாரி எடுத்தாக வேண்டும். எங்கேயாவது புதைத்தாக வேண்டும். எங்கே புதைப்பது? சாலையோ பதினான்கு மாவட்டங்களிலே ஓடுகிறது. தேர்ந்தெடுக்கப்பட்ட இடமோ வாரன் மாவட்டத்திலே, ஆஃப்டன் என்னும் சிற்றூர். அங்கு நிலத்தடி நீர் அதிக ஆழத்தில் இல்லை. மக்கள் கிணற்று நீரையே நம்பி வாழ்ந்தனர். பிறகு ஏன் அந்த இடம்? மாவட்டத்து மக்களிலே பெரும்பாலோர் கருப்பர், பெரும்பாலோர் ஏழையர். குரல் எழுப்பினால் கேட்பாரிலர் என்பது கணக்கு.

கணக்குத் தவறிற்று. 1982 செப்டம்பரிலே மண் ஏற்றிய லாரிகள் வந்தபோது, ஆண்களும் பெண்களும் சாலையிலே படுத்து வழி மறித்தனர். ஆறு வாரங்களில் 500 பேருக்கு மேல் கைதாயினர். ஆயினும் குழி மூடப்படவில்லை. நஞ்சு அங்கேயே புதைக்கப்பட்டது. தோல்வி என்றே அன்று எழுதியிருப்பார்கள். ஆனால், படுத்த அந்த மக்கள், உறங்கிய ஒரு கேள்வியை எழுப்பிவிட்டனர். 1983ஆம் ஆண்டு, அமெரிக்கப் பேரவையின் தணிக்கைத் துறை தென்கிழக்கு மாநிலங்கள் எட்டில் ஆய்வு நடத்திற்று. அங்கிருந்த பெரும் நச்சுக் கிடங்குகள் நான்கு. அவற்றுள் மூன்று, கருப்பர் பெரும்பான்மையாக வாழ்ந்த பகுதிகளிலே! 1987இல் கிறித்தவ சபை ஒன்றின் ஆணையம், நாடு முழுதும் ஆராய்ந்து, நச்சுக் கிடங்கு எங்கே அமைகிறது என்பதைப் பிற எல்லாவற்றையும்விட இனமே அதிகமாகக் காட்டிக் கொடுக்கிறது என்று கூறிற்று. 'சுற்றுச்சூழல் நீதி' என்னும் சொல் அந்தப் போராட்டத்தின் வழியேதான் உலகின் செவியில் ஏறிற்று. 1994இல் குடியரசுத் தலைவர் கிளின்டன் இதற்கென ஓர் ஆணை பிறப்பித்தார். ஆஃப்டன் மண்ணிலிருந்த நஞ்சை நீக்கும் பணி 2003இல் முடிந்தது. 2025 சனவரியில், அந்த 1994 ஆணை நீக்கப்பட்டும்விட்டது. பெற்ற உரிமை பேழையில் பூட்டி வைக்கும் நகையன்று. காவல் தளர்ந்தால் களவு போகும் என்பதை இளைஞர்கள் இதிலிருந்தும் அறிந்துகொள்ளலாம்.

வாரன் மாவட்டத்திலே நடந்ததை உலக அளவுக்கு விரித்துப் பாருங்கள். அதற்குப் பெயர்தான் பருவநிலை மாற்றம். நிலக்கரியும் எண்ணெயும் எரித்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செல்வம் குவித்த நாடுகள் ஒரு புறம். அந்தப் புகையால் ஏறிய வெப்பத்தை ஏற்பவர் மற்றொரு புறம். 2022ஆம் ஆண்டு பாகிஸ்தானிலே பெருவெள்ளம். 3 கோடியே 30 லட்சம் மக்கள் அல்லலுற்றனர். 1,700 பேருக்கு மேல் மாண்டனர். உலகின் கரிப்புகையிலே அந்நாட்டின் பங்கு நூற்றில் ஒன்றுகூட இல்லை! விருந்து உண்டவர் ஒருவர்; இலை எடுப்பவர் வேறொருவர் என்பது நமக்குப் புதிய காட்சியா?

"நாம் எல்லோருமே குற்றவாளிகள்; எல்லோரும்தானே விளக்கேற்றுகிறோம், வண்டி ஏறுகிறோம்" என்று சிலர் தத்துவம் பேசுவர். கேட்பதற்கு அடக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லோரும் சமமான குற்றவாளிகள் என்றால், பொருள் என்ன? எவரும் குற்றவாளி அல்லர் என்பதுதான்! ஒற்றை விளக்குக்கு எண்ணெய் தேடும் குடும்பமும், ஊரையே எரிக்கும் ஆலையும் ஒரே தராசிலே நிற்கும் நீதி, மனுவின் நீதிக்கு இளையதன்று. அளவறிந்து பொறுப்பை வகுப்பதே பகுத்தறிவு.

அப்படிப் பொறுப்பை வகுத்துக் காட்டுக என்று கேட்டவர்கள் யார் தெரியுமா? பேரரசுகள் அல்ல, மாணவர்கள்! 2019ஆம் ஆண்டு, பசிபிக் தீவுகளைச் சேர்ந்த சட்ட மாணவர் 27 பேர், பருவநிலைக் கேட்டை உலக நீதிமன்றத்தின் முன் கொண்டு செல்ல வேண்டும் என்று கிளம்பினர். வனுவாட்டு என்னும் சின்னஞ்சிறு தீவு நாடு அவர்களுக்குத் தோள் கொடுத்தது. 2023 மார்ச் 29இல் ஐ.நா. பொதுப்பேரவை, அந்தக் கேள்வியை நீதிமன்றத்துக்கு அனுப்பியது. 2025 சூலை 23இல் நீதிமன்றம் தன் கருத்தை ஒருமனதாக வெளியிட்டது: பருவநிலையைக் கேட்டினின்று காப்பது நாடுகளின் சட்டக் கடமை, கடமை தவறுவது சட்டமீறல், அதற்கு ஈடு செய்யும் பொறுப்பும் எழக்கூடும் என்று. அது கட்டளை அன்று, கருத்துரைதான். எனினும், தலையெழுத்து என்று ஒதுக்கப்பட்டது, சட்டப்புத்தகத்தின் எழுத்தாக ஏறிவிட்டதல்லவா!

இவ்விடத்திலே நம்மை நாமே ஒரு கேள்வி கேட்டுக்கொள்வது நேர்மை. நாம் அறிவியலைப் போற்றுவோர். ஆலைகள் எழ வேண்டும், இருள் நீங்க வேண்டும், ஏழை வீட்டிலும் மின்விளக்கு எரிய வேண்டும் என்று விரும்புவோர். அந்த விருப்பத்திலே மாற்றமில்லை. ஆனால், 'வளர்ச்சி' என்ற சொல்லைக் கேட்டவுடனே கை கூப்பி நின்றுவிடுகிறோமா இல்லையா? "நாட்டின் வளர்ச்சிக்காகச் சிலர் இழக்கத்தான் வேண்டும்" என்கிறார்கள். அந்தச் சிலர் எப்போதும் மீனவராகவும், பழங்குடியினராகவும், சேரி வாழ்வோராகவும் இருப்பது எப்படி? ஊர் செழிக்க உயிர்ப்பலி கேட்ட பழைய சாமியை மறுத்துவிட்டு, அதே பலியைக் கேட்கும் புதிய சாமிக்குப் பொங்கல் வைப்பது பகுத்தறிவாகுமா? விலை உண்டு என்றால் இருக்கட்டும். பயன் பெறுவோரே விலையையும் தரட்டும். நாளை எந்த ஊரில், எந்தத் தெருவில் பிறப்போம் என்று அறியாத ஒருவர், அந்தத் திட்டத்துக்குக் கையெழுத்திடுவாரா? இடுவார் எனில் அது வளர்ச்சி. இடமாட்டார் எனில் அது சுரண்டல், பெயர்தான் புதிது.

மறுபுறத்திலே மற்றொரு கூட்டம், "ஆறு தெய்வம், மண் தாய், பூசித்தால் போதும், காக்கப்படும்" என்று கூறும். கங்கையைவிடப் பூசிக்கப்பட்ட ஆறு எது? அந்தக் கங்கையைத் தூய்மை செய்ய 1986இல் அரசு திட்டம் வகுக்க வேண்டி வந்தது ஏன்? தீபம் காட்டும் கையே கழிவையும் கொட்டுகிறது. தெய்வம் என்றால் எந்த அழுக்கும் ஒட்டாது என்ற எண்ணம்! ஆற்றை நாம் காக்க விரும்புவது அது கடவுள் என்பதால் அன்று. அதைக் குடிப்பவர் மனிதர் என்பதால். நாளை குடிக்க வருவோரும் இருக்கிறார்கள் என்பதால்.

சரி, கெட்டதை மீட்பது எப்படி? கென்யா நாட்டைப் பாருங்கள். வங்காரி மாத்தாய் என்ற பெண்மணி, நைரோபிப் பல்கலைக்கழகத்திலே ஆராய்ச்சிப் பட்டம் பெற்றவர். ஓடைகள் வற்றின, விறகு தொலைவாயிற்று, உணவு குறைந்தது என்று நாட்டுப்புறப் பெண்கள் சொல்லக் கேட்டார். 1977இல் பசுமைப் பட்டை இயக்கத்தைத் தொடங்கினார். மரம் வளர்க்கப் படித்த வனத்துறையாளர் வேண்டும் என்றனர் அதிகாரிகள். வேதம் ஓத ஒரு சாதி, மரம் நட ஒரு பட்டமா? எழுதப் படிக்க அறியாத பெண்களே விதை பொறுக்கினர், கன்று வளர்த்தனர், பிழைத்து நின்ற கன்றுக்குச் சிறு தொகை கூலியும் பெற்றனர். மூன்று கோடி மரங்கள் எழுந்தன. அதனினும் மேலாக, நம் துன்பம் யாது, அதன் காரணம் யாது, தீர்வு யாது என்று ஊர்மக்கள் கூடி ஆராயும் வகுப்புகள் எழுந்தன. மரம் நட்ட கை, பிறகு ஆட்சியைச் சுட்டிக் காட்டிற்று. 1989இல் நைரோபியின் பொதுப் பூங்காவிலே 60 மாடிக் கட்டடம் எழுப்ப ஆள்வோர் முனைந்தபோது மாத்தாய் எதிர்த்தார்; ஏளனம் செய்தனர்; கட்டடம்தான் எழவில்லை. 1992இல் காவலர் அடித்து நினைவிழக்கச் செய்தனர். 2004இல் உலகம் அவருக்கு நோபல் அமைதிப் பரிசு அளித்தது.

இனி, நம் வீட்டு வாயிலுக்கு வருவோம். 2023 டிசம்பரிலே, மிக்சாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்திலே எண்ணெய் பரவிற்று. படகு கறுத்தது, வலை கறுத்தது, பிழைப்பு கறுத்தது. வாளியும் குவளையும் கொண்டு அந்த எண்ணெயை அள்ளியவர் யார்? மீன் பிடித்து வாழ்ந்த அதே மக்கள்! கென்யப் பெண்ணின் கையில் இருந்தது மரக்கன்று. அதை அவள் தேர்ந்தெடுத்தாள். எண்ணூர் மீனவனின் கையில் ஒட்டியது பிறர் விட்ட எண்ணெய். அது அவன்மேல் சுமத்தப்பட்டது. இரண்டையும் 'மக்கள் பங்கேற்பு' என்ற ஒரே பெயரால் அழைத்துப் பாராட்டுவது, அடிமையின் உழைப்பைத் தொண்டு என்று புகழ்வதற்கு ஒப்பாகும். மீட்கும் உரிமை மக்களுக்கு. மீட்கும் செலவு கெடுத்தவருக்கு. இவ்விரண்டும் ஒருங்கே அமைந்தால்தான் அது நீதி.

ஆகவே தோழர்களே, அடுத்த வெள்ளம் வரும்போது, 'இயற்கையின் சீற்றம்' என்று எவரேனும் சொன்னால் பணிவோடு கேளுங்கள்: நீர் போகும் வழியை அடைத்தவர் யார்? தாழ்ந்த நிலத்திலே இவர்களைக் குடியமர்த்தியவர் யார்? இந்தப் புகையால் செழித்தவர் யார்? கேட்டபின் வாளாவிருக்க வேண்டாம். உங்கள் ஊர் ஏரிக்கரைக்குச் செல்லுங்கள். வரைபடத்தைக் கையிலே எடுத்துக்கொண்டு செல்லுங்கள். ஏரி எங்கே முடிந்தது, இன்று எங்கே முடிகிறது என்று அளந்து பாருங்கள்.

விதி என்றால் அழலாம்; அவ்வளவுதான். விதித்தது என்றாலோ, மாற்றலாம்.