வாயில்லா ஜீவனின் முதுமை

தன்னை அண்டி வாழும் உயிரைக் காப்பது இல்லறத்தானின் கடமை. இதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் அந்தக் கடமைக்கு எல்லை உண்டா? உண்டெனில் அதைப் பணம் தீர்மானிக்கலாமா? சமையலறை மூலையில் சுருண்டு படுத்திருக்கும் ஒரு வயதான பூனை இக்கேள்விகளை எழுப்பிவிடுகிறது.

மும்பை போன்ற பெருநகரில், இரண்டு அறைகள் கொண்ட வீட்டில் வாழும் நடுத்தரக் குடும்பம் ஒன்றைக் கற்பனை செய்து பார்க்கலாம். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் குட்டியாக வந்த பூனை இன்று எலும்பும் தோலுமாகிவிட்டது. ஓயாமல் தண்ணீர் குடிக்கிறது. கண்ட இடத்தில் சிறுநீர் கழிக்கிறது. சிறுநீரகம் பழுதடைந்துவிட்டது என்கிறார் கால்நடை மருத்துவர். இனித் தனி உணவு, மருந்து, தோலடியில் ஏற்றும் திரவம், அடிக்கடி இரத்தப் பரிசோதனை எனச் செலவு தொடரும். அதே வீட்டில் மகளின் கல்லூரிக் கட்டணம் காத்திருக்கிறது. பாட்டிக்குச் சர்க்கரை நோய் மருந்து வாங்க வேண்டும். “ஒரு பூனைக்கா இவ்வளவு?” என்கிறார் தந்தை. “கடன் வாங்கியாவது காப்பாற்ற வேண்டும்” என்கிறாள் மகள்.

இருவர் சொல்லிலும் நியாயம் உண்டு. இருவர் சொல்லிலும் பிழையும் உண்டு.

கருணையா, கடனா?

தெருவில் வாழும் பூனை தன் இரையைத் தானே தேடிக்கொள்கிறது. வீட்டுப் பூனைக்கோ நான்கு சுவர்களே உலகம். தட்டில் வைப்பதே உணவு. தானாக வாழும் திறனை அது மனிதனுக்காக இழந்திருக்கிறது. ஆகவே முதுமையில் அதைப் பேணுவது தானமன்று. பட்ட கடனைத் தீர்ப்பதே ஆகும். நாட்டின் சட்டமும் இதையே கூறுகிறது. விலங்கைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் அதன் நலனைக் காக்கவும், தேவையற்ற துன்பத்தைத் தடுக்கவும் வேண்டும் என்று 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் விதிக்கிறது. பசியாலும் தாகத்தாலும் வாடும்படி அதைக் கைவிடுவது குற்றம். நோயுற்ற பூனையைக் கோணியில் கட்டி மீன் சந்தையருகே விட்டு வருவது, எந்தப் பெயரிட்டு அழைத்தாலும் அறமாகாது.

இன்னொன்றும் உண்டு. “கிழடுக்கு ஏன் செலவு?” என்ற சொல் பூனையைக் குறித்துச் சொல்லப்பட்டாலும், அடுத்த அறையில் இருக்கும் பாட்டியின் காதிலும் விழுகிறது. பயன் தீர்ந்தவுடன் மதிப்பும் தீர்ந்துவிடும் என்ற பாடத்தைப் பிள்ளைகளும் அங்கேயே கற்கிறார்கள்.

அன்பா, பற்றா?

மகளின் சொல்லிலும் ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. பாகவத புராணத்தில் பரத மன்னனின் கதை வருகிறது. அரசைத் துறந்து ஆற்றங்கரையில் தவம் செய்தவர், தாயை இழந்து நீரில் தத்தளித்த மான்குட்டியைக் காப்பாற்றினார். நாளடைவில் அவர் மனம் முழுவதையும் அந்த மானே நிறைத்தது. இறுதி நேரத்திலும் அதையே நினைத்து உயிர்நீத்து, அடுத்த பிறவியில் மானாகப் பிறந்தார் என்பது கதை. மானைக் காத்தது அவருடைய பிழையன்று. வெள்ளத்திலிருந்து தூக்கியபோது அவர் மானின் துன்பத்தை நினைத்தார், அது தயை. பின்னர், அது இல்லாமல் தன் கதி என்னவாகும் என்று கலங்கினார், அது பற்று.

முதிய பூனைக்குச் செய்யும் சிகிச்சையிலும் இதே வேறுபாடு உண்டு. இந்த ஊசி அதன் வலியைத் தீர்க்கவா, அல்லது பிரிவைத் தாங்க இயலாத மனத்தைத் தேற்றவா? இக்கேள்விக்கு நேர்மையாக விடை கண்டால் செலவின் அளவும் தெளிவாகும்.

செய்ய வேண்டியதும் செய்யக் கூடியதும்

மருத்துவத்தில் இருவகை நோக்கங்கள் உண்டு: துன்பத்தைத் தணிப்பது ஒன்று, ஆயுளை நீட்டிப்பது மற்றொன்று. முதலாவதற்கு விலக்கே கிடையாது. சுத்தமான நீர், உண்ணத்தக்க உணவு, மென்மையான படுக்கை, வலி தணிக்கும் மருந்து ஆகியவை எளிய குடும்பத்தாலும் இயன்றவை. இரண்டாவதை மற்றக் கடமைகளோடு சீர்தூக்கிப் பார்க்கலாம். பாட்டியின் மருந்தை நிறுத்திவிட்டுப் பூனைக்கு விலையுயர்ந்த அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்று எந்த அறமும் கட்டளையிடவில்லை. வசதியில்லாதவர் அதற்காகக் குற்றவுணர்வு கொள்ளவும் வேண்டாம். தம் பொருளாதார நிலையை மருத்துவரிடம் முதலிலேயே மனம்விட்டுக் கூறுவது நல்லது. அதற்கேற்ற வழியை அவர் வகுத்துக் கொடுக்கலாம். அரசுக் கால்நடை மருத்துவமனைகளிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகளைச் சார்ந்த மருத்துவமனைகளிலும் கட்டணம் பொதுவாகக் குறைவு.

செலவைக் குறைக்கும் சிறந்த வழி விழிப்பே. பூனை தன் வலியை மறைக்கும் இயல்புடையது. முன்பு தாவி ஏறிய இடத்தில் ஏறாமலிருப்பது சோம்பலன்று. மூட்டு வலியாக இருக்கலாம். நிறைய உண்டும் இளைப்பது தைராய்டு மிகுதியின் அறிகுறியாகலாம். அதை மாத்திரையால் கட்டுப்படுத்த முடியும். இழந்த சிறுநீரகத் திறன் திரும்பாது. ஆயினும் ஆரம்பத்தில் கண்டறிந்தால் தக்க உணவாலும் மருந்தாலும் நல்ல வாழ்நாளை நீட்டிக்கலாம். எனவே பத்து வயதைக் கடந்த பூனையை ஆண்டுக்கு இருமுறை பரிசோதிப்பது, பின்னால் வரும் பெருஞ்செலவைத் தவிர்க்க உதவும். அறியாமையால் செய்யும் உதவியும் தீங்காகலாம்: மனிதர் காய்ச்சலுக்கு உண்ணும் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே பூனையின் உயிரைப் பறிக்கக் கூடும்.

இறுதிக் கேள்வி

எந்த மருந்தும் வேதனையைத் தணிக்காத நிலை வந்தால் என்ன செய்வது? 1928-இல் சபர்மதி ஆசிரமத்தில் கன்று ஒன்று மீளா நோயுற்றுத் துடித்தது. மருத்துவர் கைவிரித்த பின், ஊசி மூலம் அதன் உயிரை முடிக்க காந்தியடிகள் இசைந்தார். அது அகிம்சைக்கு உட்பட்டதே என்றும் எழுதினார். பலர் கடுமையாக எதிர்த்தனர். மறுபுறம், 1834-இல் நிறுவப்பட்ட மும்பை பாஞ்சராபோல் போன்ற காப்பகங்கள், நலிந்த விலங்குகளை இயற்கையான முடிவு வரும்வரை பேணும் மரபில் வந்தவை. இவ்விரு நெறிகளும் முடிவில் வேறுபடுகின்றன, நோக்கத்தில் வேறுபடவில்லை. இரண்டுமே விலங்கின் துன்பத்தைக் கண்டுதான் தொடங்குகின்றன. மனிதனின் வசதியைக் கருதித் தொடங்கவில்லை. குணமாகக் கூடிய நோயிருக்க, தொல்லை தீரட்டும் என்று ஊசியைக் கேட்பதும், வேதனையில் துடிப்பதைப் பிரிய மனமின்றி நாட்கணக்கில் நீட்டிப்பதும் ஒரே தன்னலத்தின் இரு முகங்களே.

செலவிட்ட தொகை கருணைக்கு அளவுகோல் ஆகாது. தன் வலியை வாய்விட்டுச் சொல்ல இயலாத உயிரின் இடத்தில் நின்று, அதற்கு எது நன்மை என்று எண்ணி முடிவெடுப்பவர், கையில் இருப்பது சிறிதாயினும், தம் கடமையை முழுமையாகச் செய்தவராவார்.