சீட்டும் ஊழும்

பொருளாதார அளவையியல் என்று தமிழில் வழங்கும் எக்கனாமெட்ரிக்ஸ் பாடத்தைப் பல்கலைக்கழகத்தில் பயிலப் புகும் மாணவன், கரும்பலகையில் தொடக்கத்திலேயே காணும் சமன்பாடுகளுள் ஒன்று கூலியையும் கல்வியையும் பற்றியதாக இருக்கும். இடப்புறம் ஒருவன் ஈட்டும் கூலி. வலப்புறம் அவன் பள்ளியில் கழித்த ஆண்டுகள். அதற்கும் அப்பால், வரியின் கடைக்கோடியில், எப்ஸிலான் என்னும் கிரேக்க எழுத்து. அதனைப் பிழை உறுப்பு என்று சொல்லிவிட்டு ஆசிரியர் அடுத்த வரிக்குப் போய்விடுவார். ஆயினும் கூலி ஈட்டுபவனுடைய இயற்கையறிவு, தகப்பனாரின் செல்வாக்கு, தாயின் கண்டிப்பு, தேகநிலை என்று நம் கணக்கேட்டில் ஏறாத சகலமும் அந்த ஓரெழுத்துக்குள்தான் அடங்கிக் கிடக்கின்றன. 1944-இல் நார்வே தேசத்துப் பொருளாதார அறிஞர் ஹாவெல்மோ, பொருளாதாரச் சமன்பாடுகளை நிகழ்தகவின் அடிப்படையிலேயே அமைக்கவேண்டும் என்று வாதிட்ட பின்னர், அவ்வெழுத்துக்கு உரிய மரியாதை கிடைத்தது. இப்பாடத்தின் தத்துவம் முழுவதும் அதனுள் இருக்கிறது என்பது என் துணிபு.

அளவை என்ற சொல் நமக்குப் புதிதன்று. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் இறையையும் உயிரையும் பாசத்தையும் பற்றிப் பேசப் புகுமுன், எதனை எவ்வாறு அறிவது என்னும் அளவையையே முதலில் வைத்தார். புகையைக் கண்டு நெருப்பை அனுமானிக்கலாம் என்ற நியாய தரிசனத்தாராகிய நையாயிகர், நெருப்பைக் கண்டு புகையை அனுமானிக்கலாகாது என்றும் எச்சரித்தனர். பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை. புகைக்கு ஈரவிறகின் சேர்க்கை வேண்டும். அச்சேர்க்கைக்கு உபாதி என்று பெயர். கல்வி மிகுந்தவன் கூலி மிகப் பெறுகிறான் என்றால், காரணம் கல்விதானா, அல்லது கல்வியையும் கூலியையும் ஒருங்கே வளர்த்த வேறோர் உபாதியா? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததா என்று நம் பாட்டிமார் கேட்ட கேள்வியும் இதுவே.

இதற்கு அளவையியலார் கண்ட வழிகளுள் ஒன்று என்னை நெடுநாள் உறங்கவிடாமல் செய்தது. வியட்நாம் போர் நடந்த காலத்தில், 1969 டிசம்பர் 1 அன்று இரவு, வாஷிங்டன் நகரில், ஆண்டின் ஒவ்வொரு தேதியும் எழுதப்பெற்ற சீட்டுகளை 366 நீலநிறக் குப்பிகளில் அடைத்து, கண்ணாடிச் சாடியொன்றில் இட்டு, ஒவ்வொன்றாக எடுத்தார்கள். முன்னதாக வெளிவந்த தேதியில் பிறந்தவன் கட்டாய ராணுவ சேவைக்கு முன்னதாக அழைக்கப்படுவான். இந்தச் சீட்டையும் பின்னர் நடந்த சீட்டுகளையும் கருவியாகக் கொண்டு பொருளாதார அறிஞர் ஜோஷுவா ஆங்கிரிஸ்ட் 1990-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, படையில் பணியாற்றிய வெள்ளையர்கள், பணியாற்றாதிருந்தால் ஈட்டியிருக்கக்கூடியதைவிட 1980-களின் தொடக்கத்தில் ஏறக்குறைய 15 சதவிகிதம் குறைவாக ஈட்டினர் என்று கணித்தது. தானே விரும்பிப் படையில் சேர்ந்தவனைக் கொண்டு இதை அறிய இயலாது. விருப்பத்துக்குப் பின்னால் ஆயிரம் உபாதிகள். மனிதனுடைய விருப்பத்துக்கு இடமில்லாத இடத்திலேதான் காரணம் கண்ணுக்குப் புலனாயிற்று.

இங்கேதான் வினைக்கோட்பாட்டில் நம்பிக்கையுள்ளவனுக்கு ஒரு தர்மசங்கடம் நேர்கிறது. சீட்டில் விழுந்த எண்ணுக்கும் அம்மனிதனின் இதர குணநலன்களுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை என்பதே இம்முறையின் அஸ்திவாரம். எண்ணும் முன்வினைப் பயனாகிய பிராரப்தம், கூலியும் பிராரப்தம் என்று கொள்வோமாயின், பிராரப்தமே பெரிய உபாதியாகிக் கணக்கு முழுவதும் சரிந்துவிடும். சம்பந்தம் இல்லை என்பதை எந்தப் புள்ளிவிவரத்தாலும் முற்ற நிரூபிக்க முடியாது. அதை ஏற்பதும் ஒருவகைச் சிரத்தைதான்.

வினையை நான் மறுக்கவில்லை. ஆயினும் பிறனுடைய வினையைப் படிக்கும் கண் நமக்கு அருளப்படவில்லை. தன் துன்பத்தில் ஒருவன் அதனை ஆறுதலாகக் கொள்ளலாம், அயலானின் துன்பத்துக்கு அதையே விளக்கமாகச் சொல்ல நமக்கு உரிமை கிடையாது. அந்த 15 சதவிகிதமும் பலரைப் பற்றிய சராசரியே. படைக்குப் போன ஒருவன் போகாதிருந்தால் எப்படி வாழ்ந்திருப்பான் என்பதற்கு எந்த ஏட்டிலும் பதிவில்லை. அந்த இரவில் முதலில் வெளிவந்த குப்பியில் செப்டம்பர் 14 என்று இருந்தது. அத்தேதியில் பிறந்தவர்கள் ஒரு குற்றமும் செய்யவில்லை.